ஆலோசகர் ஏன் குடியைப் பற்றிக் கேட்பதில்லை?

சில ஆண்டுகளுக்கு முன் தூக்கம் சரியில்லை என்று ஒருவர் மனநல ஆலோசகரான என்னிடம் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். படுத்ததும் தூக்கம் வந்துவிடுகிறது, ஆனால் மூன்று மணிக்கு விழிப்பு தட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, அப்புறம் விடியும்வரை புரள வேண்டியதுதான் என்றார். பதற்றக் கோளாறு என்று எழுதிக்கொண்டேன். மூச்சுப் பயிற்சி, தூங்கும் நேர ஒழுங்கு, கவலைகளை எழுதிவைக்க ஒரு நோட்டு என்று ஆறு வாரம் போனது. ஏழாவது வாரம் மனைவியும் கூட வந்தார். பேச்சுவாக்கில் அந்த அம்மா, "தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் போட்டுட்டுத்தான் மேடம் படுக்கிறார்" என்றார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, மழுப்பவும் இல்லை. "நீங்க கேக்கவே இல்லையே மேடம்" என்றார்.

கேட்கவில்லைதான். முதல் நாள் நிரப்பிய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 'பழக்கங்கள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. நெற்றியில் விபூதி, கசங்காத சட்டை, மெதுவான பேச்சு. பார்த்ததை வைத்து எழுதிவிட்டேன்.

இரவில் குடிக்கும் மது முதலில் மூளையை அமைதிப்படுத்துகிறது, அதனால் படுத்ததும் தூக்கம் வருகிறது. ரத்தத்தில் அதன் அளவு இறங்க இறங்க, அழுத்திவைக்கப்பட்ட நரம்பு மண்டலம் எதிர்ப்பக்கம் எகிறுகிறது. விழிப்பு, படபடப்பு, வியர்வை. அந்த மூன்று மணிப் பதற்றத்தில் பெரும்பங்கு மது இறங்கும்போது வரும் எதிர்வினை. அதற்கு நான் ஆறு வாரம் மூச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது இளம் ஆலோசகர்களுக்கு நான் நடத்தும் வகுப்புகள் எல்லாம் இந்தக் கதையில்தான் தொடங்குகின்றன. வகுப்பில் பாதிப்பேராவது தங்களிடமும் இப்படி ஒருவர் இருந்ததை அங்கேயே நினைவுக்குக் கொண்டுவருகிறார்கள்.

மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களில் குடியோ வேறு போதைப் பழக்கமோ உள்ளவர்கள் 'எனக்குக் குடிப் பிரச்சினை' என்று சொல்லிக்கொண்டு வருவது அபூர்வம். தூக்கமில்லை, வேலையில் கவனம் இல்லை, மனைவியோடு சண்டை, கோபம் கட்டுக்குள் இல்லை, வாழ்க்கையே வெறுத்துவிட்டது என்றுதான் வருகிறார்கள். நான்காவது அமர்விலோ பத்தாவது அமர்விலோ, சில சமயம் ஒரு விபத்துக்குப் பிறகோதான் விஷயம் வெளியே வருகிறது. அந்த இடைவெளியில் போகும் மாதங்களைத்தான் பயிற்சியால் மிச்சப்படுத்த முடியும்.

எண்ணிக்கை எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எய்ம்ஸின் தேசிய போதை சிகிச்சை மையம் நாடு முழுக்கச் சுமார் 2 லட்சம் வீடுகளில் எடுத்த கணக்கெடுப்பு 2019இல் வெளியானது. 10 முதல் 75 வயது வரையிலானவர்களில் 14.6 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள். 5.7 கோடிப் பேருக்கு அது உடலையோ வாழ்க்கையையோ கெடுக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது. மீதி 37 பேர் எங்கே போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வயிற்று வலிக்கு மருத்துவரிடம் போகிறார்கள், மந்திரித்துக்கொள்ளப் போகிறார்கள், குடும்ப நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். சிலர் நம் அறைக்கு வருகிறார்கள். வந்தும் நாம் கேட்பதில்லை.

இரண்டு துறை, இரண்டு கதவு

ஏன் கேட்பதில்லை என்பதற்குத் தனிமனிதத் தயக்கம் மட்டும் காரணமில்லை. நம் நாட்டில் மனநலமும் போதை மீட்பும் தனித்தனிக் கட்டடங்களாக எழும்பியவை. தேசிய மனநலத் திட்டம் 1982இல் சுகாதார அமைச்சகத்தில் பிறந்தது. போதை மீட்பு மையங்களுக்கு நிதி கொடுக்கும் திட்டம் 1980களின் நடுவில், இப்போது சமூகநீதி அமைச்சகம் என்று அழைக்கப்படும் துறையில் தொடங்கியது. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்ததும் காவல்துறையும் இதில் ஒரு கை வைத்தது. ஒரே மனிதனின் மனச்சோர்வுக்கு ஒரு கதவு, அவன் குடிக்கு வேறொரு கதவு.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு மையம், மக்கள் வாயில் டி.டி.கே. மருத்துவமனை, இந்தியாவின் ஆரம்பகால மீட்பு மையங்களில் ஒன்று. குடிநோயை ஒழுக்கக் கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்க்கச் சொன்னது, குடும்பத்தையும் சிகிச்சைக்குள் சேர்த்துக்கொண்டது, மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே முகாமைக் கொண்டுபோனது, பிற மையங்களின் ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்தது என்று அதன் பங்களிப்பு பெரியது. ஆனால் அந்த அறிவு பெரும்பாலும் போதை மீட்பு மையங்களுக்குள்ளேயே சுற்றி வந்தது. தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் பொது ஆலோசனை அறைகளுக்கு, பள்ளி ஆலோசகர்களுக்கு, திருமண ஆலோசகர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. நான் முதுகலை முடித்து வெளியே வந்தபோது இந்தப் பொருள் பற்றிப் படித்திருந்தது ஒரு பாடத்தில் ஒரு அலகு. அதிலும் பாதி, போதைப்பொருள்களின் வகைப்பட்டியல்.

அதனால் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. குடி என்று தெரிந்ததும், "முதல்ல டி-அடிக்‌ஷன் சென்டர் போய் நிறுத்திட்டு வாங்க, அப்புறம் கவுன்சிலிங் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவது. அங்கே போனால், "உங்களுக்கு டிப்ரஷன் இருக்கு, அதுக்கு வேற டாக்டரைப் பாருங்க" என்பார்கள். இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கிறவர் வீட்டுக்குத்தான் திரும்பிப் போவார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புள்ள மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. சட்டம் ஒன்றாக்கியதைப் பாடத்திட்டமும் ஒன்றாக்க வேண்டும்.

எண்ணத் தெரிய வேண்டும்

பயிற்சி என்றதும் பெரிய தத்துவங்களை எதிர்பார்த்து வருகிறார்கள். நான் முதல் நாளில் கரும்பலகையில் போடுவது ஒரு பெருக்கல் கணக்கு.

உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆய்வு நடத்தி உருவாக்கிய 'ஆடிட்' என்ற கேள்வித்தாள் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி ஆபத்தான இடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். கேள்விகள் எளிமையானவை. எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிப்பீர்கள்? குடிக்கும் நாளில் எத்தனை 'டிரிங்க்'? ஒரே நேரத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் எத்தனை தடவை? இந்த 'டிரிங்க்' என்ற சொல்லில்தான் நம் ஊரில் எல்லாம் கவிழ்கிறது. அந்தக் கேள்வித்தாளின் கணக்கில் ஒரு டிரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால். நம் கடைகளில் விற்கும் 42.8 சதவீத பிராந்தியிலோ விஸ்கியிலோ 30 மி.லி.தான் அது.

இப்போது ஒருவர் வருகிறார். "தினமும் குடிப்பேன் சார், ஆனா ஒண்ணுதான்" என்கிறார். பயிற்சி இல்லாத ஆலோசகர் 'ஒன்று' என்று எழுதிக்கொள்கிறார். முதல் கேள்விக்கு 4, இரண்டாவதற்கு 0, மூன்றாவதற்கு 0. மூன்றும் சேர்ந்து 4. பெரிய பயம் ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் அவர் சொன்ன ஒண்ணு ஒரு குவார்ட்டர். 180 மி.லி. அதாவது ஆறு டிரிங்க். முதல் கேள்விக்கு 4, இரண்டாவதற்கு 2, தினமும் ஆறு என்பதால் மூன்றாவதற்கு 4. மூன்று கேள்வியிலேயே 10. மீதி ஏழு கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, கேட்டவர்தான் பாட்டிலின் அளவைக் கேட்கவில்லை.

ஆகவே எங்கள் வகுப்பில் மேஜை மேல் காலி பாட்டில்களை வைப்போம். குவார்ட்டர், ஹாஃப், ஃபுல். கட்டிங் என்றால் ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பங்கு போடுவது, ஆளுக்கு 90 மி.லி., மூன்று டிரிங்க். 650 மி.லி. பீர் பாட்டில் 8 சதவீத ஸ்ட்ராங் வகையாக இருந்தால் அந்த ஒரு பாட்டிலிலேயே நான்கு டிரிங்க் இருக்கிறது. 'பீர் மட்டும்தான்' என்று சொல்கிறவரிடம் எந்த பீர், எத்தனை பாட்டில் என்று கேட்க வேண்டும். இந்தப் பெயர்களை ஆலோசகர் கூச்சமில்லாமல் வாயில் சொல்லிப் பழக வேண்டும். மாணவிகள் சிலருக்கு முதலில் 'குவார்ட்டர்' என்ற சொல்லே வாயில் வராது. அந்தச் சொல்லே வராதவரிடம், உதவி தேடி வருகிறவர் எப்படி மனம் திறப்பார்?

கேட்கும் தொனியும் பயிற்சியில் வரவேண்டியதே. "குடிப்பழக்கம் எல்லாம் கிடையாதுதானே?" என்று கேட்பது கேள்வியே இல்லை, பதிலை நாமே எழுதிக் கொடுப்பது. "இங்க வர்ற எல்லார்கிட்டயும் நான் கேக்கிற சில விஷயம் இருக்கு. தூக்கம், சாப்பாடு, டீ காபி, சிகரெட், மது, மாத்திரை. ஒண்ணொண்ணாப் பார்க்கலாமா?" என்று தொடங்கினால் அது விசாரணையாகத் தெரியாது. எல்லாரிடமும் என்பதை உண்மையிலேயே எல்லாரிடமும் கேட்க வேண்டும். விபூதி வைத்தவரிடமும், பர்தா அணிந்தவரிடமும், பன்னிரண்டாம் வகுப்புப் பையனிடமும், ஓய்வுபெற்ற ஆசிரியையிடமும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த 2019 கணக்கெடுப்பில் ஆண்களில் 27.3 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள், பெண்களில் 1.6 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பெண்களிடம் கேட்பதையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் பெண்களிடம் நான் அதிகம் கண்டது மதுவை அல்ல, தூக்க மாத்திரையை. மாமியார் இறந்த சமயத்தில் மருத்துவர் பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை, பழைய சீட்டைக் காட்டி மூன்று வருடமாக வாங்கப்பட்டுக்கொண்டிருக்கும். அவர்கள் அதைப் பழக்கம் என்றே நினைப்பதில்லை, மருந்து என்றுதான் நினைக்கிறார்கள். 'போதைப் பழக்கம் உண்டா' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். 'தூக்கத்துக்கு என்ன சாப்பிடுவீங்க?' என்றால் பையிலிருந்து அட்டையையே எடுத்துக் காட்டுவார்கள்.

பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது வேறு. பசை, பெயின்ட், ஒயிட்னர் போன்றவற்றை முகர்வது மட்டும்தான் அந்தக் கணக்கெடுப்பில் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே பழக்கம். 10 முதல் 17 வயதுக்காரர்களில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. பள்ளி ஆலோசகராக வேலை பார்ப்பவர் உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலத்தின் பெயரையும், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள் என்ற செய்தியையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மது தவிர மற்றவற்றையும் சேர்த்துக் கேட்க உலக சுகாதார நிறுவனத்தின் 'அசிஸ்ட்' என்ற இன்னொரு கேள்வித்தாள் இருக்கிறது, எட்டுக் கேள்விகள் கொண்டது.

'நாளைக்கே நிறுத்திடுங்க' என்று சொல்லக் கூடாது

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஆபத்தான தவறு இது. தினமும் நிறையக் குடிக்கும் ஒருவர் கண்ணீரோடு, "இன்னையோட விட்டுடறேன்" என்கிறார். ஆலோசகர் நெகிழ்ந்துபோய்க் கைகொடுத்து அனுப்புகிறார். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் குழப்பம், இல்லாத பூச்சிகள் தோலில் ஊர்வதுபோலத் தோன்றுவது, காய்ச்சல், கட்டுக்கடங்காத நடுக்கம் வரலாம். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற இந்த நிலை உயிரை எடுக்கக்கூடியது. வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கொண்டுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும். நீண்ட நாள் தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். குடிக்கிறவர்களிடம் பி1 உயிர்ச்சத்துக் குறைவு சாதாரணம், அது மூளையை நிரந்தரமாகக் கெடுத்துவிடக்கூடும் என்பதையும் ஆலோசகர் அறிந்திருக்க வேண்டும்.

நாம் மருத்துவர்கள் இல்லை, மருந்து எழுத முடியாது. ஆனால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, நடுக்கம் நிற்கக் குடிக்க வேண்டியிருக்கிறதா? முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்ததா? கடைசியாக எப்போது குடித்தீர்கள்? முதல் இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், "நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட போய் மருந்தோட நிறுத்தலாம்" என்று சொல்லி, அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ அனுப்பிவைக்க வேண்டும். அனுப்பிவிட்டுக் கைகழுவக் கூடாது. அடுத்த அமர்வுக்குத் தேதி கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

குடும்பத்தார் கேட்கும் ஒரு உதவி இருக்கிறது. "அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுக்கிற மாத்திரை இருக்காமே?" டைசல்ஃபிரம் என்ற மருந்தைத்தான் சொல்கிறார்கள். அது உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, ரத்த அழுத்தம் இறங்கி, சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுக்க வேண்டியது அது. தெரியாமல் கொடுப்பது விஷம் வைப்பதற்குச் சமம் என்றுதான் நான் அந்தத் தாய்மார்களிடமும் மனைவிமார்களிடமும் சொல்வது வழக்கம். அவர்கள் தவிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. அந்தத் தவிப்புக்கும் அறையில் நேரம் ஒதுக்க வேண்டும். அறிவுரை சொல்லி அனுப்பக் கூடாது.

வாதாடினால் குடி கூடும்

கேட்டாயிற்று, தெரிந்தும்விட்டது. அப்புறம் என்ன பேசுவது? நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே வழி புத்தி சொல்வது. பொண்டாட்டி பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க, ஈரல் கெட்டுடும், ஊர் என்ன பேசும். வருகிறவர் இதையெல்லாம் வீட்டில் ஆயிரம் தடவை கேட்டவர்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் ஒரு கட்டுரையில் வேறு வழியை முன்வைத்தார். பிரிட்டனின் ஸ்டீஃபன் ரோல்னிக்கோடு சேர்ந்து பிறகு அதை விரித்தெடுத்தார். மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் என்று அதற்குப் பெயர். குடிக்கிறவர் மனதில் விட வேண்டும் என்ற எண்ணமும் விட வேண்டாம் என்ற எண்ணமும் ஒன்றாக இருக்கின்றன. நாம் 'விடு' பக்கம் நின்று வாதாடினால் அவர் 'வேண்டாம்' பக்கம் நின்று வாதாடுவார். தன் வாயால் சொன்னதையே மனிதர் நம்புவார். அதனால் விடுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்து வருமாறு கேட்க வேண்டும். 1993இல் மில்லரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையாளர் எவ்வளவுக்கு எவ்வளவு எதிர்த்து வாதாடினாரோ, அவரிடம் வந்தவர் ஓராண்டுக்குப் பிறகு அவ்வளவுக்கு அவ்வளவு கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

வகுப்பில் இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அடுத்த நிமிடம் ரோல் பிளே செய்யச் சொன்னால் எல்லாரும் புத்திதான் சொல்வார்கள். நான் குடிக்கிறவராக உட்கார்ந்து, "வேலை டென்ஷன் மேடம், குடிக்கலேன்னா ராத்திரி தூங்க முடியாது" என்பேன். எதிரில் இருப்பவர் உடனே, "தூங்கறதுக்கு வேற வழி இருக்கு சார், யோகா பண்ணுங்க" என்பார். நான், "அதெல்லாம் பார்த்தாச்சு மேடம்" என்பேன். மூன்றே வாக்கியத்தில் இரண்டு பேரும் கயிறிழுக்கத் தொடங்கியிருப்போம். மறுபடி செய்யச் சொல்வேன். இந்தத் தடவை அவர், "தூக்கத்துக்காகத்தான் ஆரம்பிச்சது. இப்ப தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டால், நடிக்கிற எனக்கே பதில் தேட வேண்டியிருக்கும். "மூணு மணிக்கு எழுந்திடறேன்..." என்று இழுப்பேன். அந்த இழுவையில்தான் வேலை ஆரம்பிக்கிறது.

இந்தத் திறமை இரண்டு நாள் பயிலரங்கில் வருமா? மில்லர் இதையும் ஆராய்ந்தார். 2001இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரு பயிலரங்கு முடித்தவர்கள் தாங்கள் நிறையக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். அவர்கள் பேசிய ஒலிப்பதிவுகளைக் கேட்டபோது மாற்றம் கொஞ்சம்தான். எதிரே இருந்தவர்களின் பேச்சில் மாற்றமே இல்லை. கற்றுவிட்டோம் என்ற நினைப்பு மட்டும் மிஞ்சியது, அது கற்காமல் இருப்பதைவிடக் கெடுதல். 2004இல் 140 தொழில்முறை ஆலோசகர்களை ஐந்து குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. பயிலரங்கோடு, அவர்களின் ஒலிப்பதிவைக் கேட்டுக் கருத்தும் சொல்லி, தொலைபேசியில் தொடர்ந்து வழிகாட்டலும் கொடுத்த குழுவில்தான், எதிரே இருந்தவரின் பேச்சும் மாறியது.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கோவாவில் இருக்கிறது. சங்கத் என்ற அமைப்பு, மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களை ஆலோசகர்களாக்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேறு காரணத்துக்காக வந்த ஆண்களிடம் ஆடிட் கேள்விகளைக் கேட்டார்கள். 12 முதல் 19 வரை மதிப்பெண் எடுத்த 377 பேர் ஆய்வில் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும், மறுபாதிக்கு அதோடு ஒன்று முதல் நான்கு அமர்வு வரை ஆலோசனை. மூன்று மாதம் கழித்து ஆபத்தான குடியிலிருந்து மீண்டவர்கள் ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம், மற்றவர்களில் 26. ஓராண்டு கழித்து அது 54க்கு 32 என்று இன்னும் விரிந்தது. 20 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் எடுத்தவர்கள் இந்த ஆய்வின் வரம்புக்கு வெளியே. அவர்களுக்கு வேண்டியது மருத்துவ சிகிச்சை.

ஒரு பட்டமும் இல்லாதவர்கள் இதை எப்படிச் சாதித்தார்கள்? அவர்கள் தங்கள் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்தார்கள். குழுவாக உட்கார்ந்து ஒருவர் பதிவை மற்றவர்கள் கேட்டு, அளவுகோல் வைத்து மதிப்பெண் போட்டார்கள். இது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடந்தது. முதுகலைப் பட்டம் பெற்றுப் பலகை மாட்டியிருக்கும் நம்மில் எத்தனை பேர் நம் அமர்வை வேறொருவர் கேட்க விட்டிருக்கிறோம்?

பயிற்சி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு: பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் போதை மருத்துவ மையம் இணையவழியில் தொடர்பயிற்சி நடத்துகிறது. தூரத்து ஊரில் இருப்பவர் தன் நோயாளியின் கதையைத் திரையில் சொல்ல, நிபுணர்களும் சக ஆலோசகர்களும் சேர்ந்து அலசும் முறை அது. அமெரிக்காவில் கல்லீரல் நோய் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003இல் ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளுக்காகத் தொடங்கிய எக்கோ முறையிலிருந்து வந்தது. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட, பல நாட்டு அரசுகள் சேர்ந்த கொழும்புத் திட்ட அமைப்பு போதை சிகிச்சையாளர்களுக்கென்றே ஒரு பொதுப் பாடத்திட்டத்தைத் தயாரித்திருக்கிறது. பல நாடுகளில் அதைச் சொல்லிக் கொடுத்துத் தேர்வும் வைக்கிறார்கள். எதில் சேர்ந்தாலும் அதில் ஒலிப்பதிவு கேட்கும் பகுதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் நாலைந்து ஆலோசகர்கள் சேர்ந்து நீங்களே வைத்துக்கொள்ளலாம். வருகிறவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், கேட்டு முடித்ததும் பதிவை அழித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சியில் யாரும் தொடாத ஒரு பகுதி ஆலோசகரின் சொந்த வீடு. எங்கள் வகுப்பில் உட்காருகிறவர்களில் பலர் குடிக்கும் அப்பாவுக்குப் பிறந்தவர்கள். சிலர் குடிக்கும் கணவரோடு வாழ்கிறவர்கள். எதிரில் குடித்த வாசனையோடு ஒருவர் உட்காரும்போது அவர்கள் உடம்பு ஒரு அடி பின்னால் நகர்வதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேச இடம் கொடுக்காமல் நுட்பங்களை மட்டும் சொல்லிக்கொடுத்தால், அவர்கள் நுட்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள்.

போன வருடம் ஒரு மாணவி, முப்பது வயது இருக்கும், தன் முதல் ஒலிப்பதிவைக் கொண்டுவந்தார். நாற்பது நிமிட அமர்வு. அதில் இருபத்தாறு நிமிடம் அவரே பேசியிருந்தார். பெரும்பகுதி ஈரலைப் பற்றி. கேட்கக் கேட்க முகம் சிறுத்துப்போனது. "எங்கம்மா எங்கப்பாகிட்ட பேசற மாதிரியே இருக்கு" என்றார். வகுப்பில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து மாதம் கழித்து அவருடைய ஒன்பதாவது பதிவைக் கேட்டோம். வந்தவர் ஒரு லாரி டிரைவர். "வண்டி ஓட்டறப்ப குடிக்க மாட்டேன் மேடம், நிறுத்துனதும்தான்" என்கிறார். மாணவி, "வண்டி ஓட்டறப்ப வேணாம்னு நீங்களே ஒரு கோடு போட்டு வெச்சிருக்கீங்க" என்கிறார். அதற்கப்புறம் பதிவில் பதினொரு விநாடி மின்விசிறிச் சத்தம் மட்டும். அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. பிறகு டிரைவரின் குரல்: "போன மாசம் அந்தக் கோட்டைத் தாண்டிட்டேன் மேடம். அதான் வந்தேன்."